சுருட்டுக்கு ஒரு தனி ரூம்

நண்பர் ஒருவருக்கு மச்சான் துபாயிலிருந்து 25 கியூபா சுருட்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு சுருட்டின் விலை நண்பரின் ஒருநாள் சம்பளம். 'ஃப்ரிட்ஜில் வெச்சுடலாமா?' என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் சார். ஃப்ரிட்ஜ் ஈரத்தை உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு சுருட்டில் நேற்றைய மீன்குழம்பு மணக்கும்.

இதற்கென்றே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. பெயர் ஹ்யூமிடார். உள்ளே ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவிகிதம், வெப்பம் சுமார் 21 டிகிரி. ஈரம் குறைந்தால் மேல் இலை வெடித்து, வாசனை எண்ணெய் போய், காய்ந்த சருகாகிவிடும். 75-க்கு மேல் போனால் பூஞ்சணம்.

பெட்டியின் உட்புறம் 'ஸ்பானிஷ் சிடார்'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஸ்பெயின் மரமுமில்லை, சிடாரும் இல்லை. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளில் வளர்வது. நம்ம வேப்பமரத்தின் குடும்பம்! காற்றில் ஈரம் கூடினால் வாங்கி வைத்துக்கொள்ளும், குறைந்தால் திருப்பித் தரும். பி.காம். பாஷையில் சொன்னால் கரண்ட் அக்கவுன்ட். புதுப்பெட்டியில் பேலன்ஸ் நில். அப்படியே சுருட்டை அடுக்கினால் மரம் அதன் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் முதலில் ஒரு கிண்ணம் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் உள்ளே வைத்து, ஒன்றிரண்டு வாரம் மூடிவையுங்கள்.

பெட்டியோடு வரும் ஈரமானியை நம்பலாமா? ஒரு சோடா மூடியில் சமையல் உப்பு, சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக்கூடாது, சொதசொதவென்று இருந்தால் போதும். அதையும் மீட்டரையும் ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று 75-லேயே நிற்கும், அது இயற்கையின் கணக்கு. மீட்டர் 71 காட்டினால், இனி எப்போதும் 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? பிரச்னை சூடு. 25 டிகிரியைத் தாண்டினால், இலைக்குள் தூங்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, சுருட்டைப் புல்லாங்குழல் ஆக்கிவிடும். அதனால் பெட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சும்மா இருப்பது. தினம் திறந்து, முகர்ந்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அன்பு காட்டுகிறவர்களால்தான் அதிகம் கெடுகிறது. 66-ஓ 69-ஓ, ஒரே நிலையில் நின்றால் போதும்.

இதைப் படித்துவிட்டு யாரும் சுருட்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு. ஜனாதிபதி கென்னடிக்கு நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் பரிசளித்த ஹ்யூமிடார், 1996-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 5,74,500 டாலர். காலியாக இருந்தாலும் பெட்டிக்கு மதிப்பு உண்டு. சுருட்டுக்கு மிஞ்சுவது சாம்பல்தான்.