அரை மணி நேரச் சதுக்கம்

சென்ற வாரம் தபாலில் வந்த ஒரு சுற்றுலாக் கம்பெனியின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தில், ஸ்பெயின் தேசத்துச் சலமான்கா நகரின் பிளாசா மயோர் சதுக்கத்துக்குப் 'புகைப்படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம்' தாராளமாக ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டதும் எனக்கு மூண்ட கோபம் எத்தகையது என்பதை, அவசர யாத்திரைகளைப் பற்றிய என் ஓயாத புலம்பலைச் சகித்து வரும் இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை.

ஆல்பர்ட்டோ சுரிகேரா வகுத்து, 1729இல் ஆரம்பித்து 1755இல் முடிந்த நிர்மாணம் அது. வெட்டும்போது மிருதுவாயிருந்து, வெயிலும் காற்றும் பட்டு இறுகிப் பொன்னிறம் கொள்ளும் வில்லாமயோர் கல்லால் ஆன வளைவுகளுக்கிடையே, வட்டப் பதக்கங்களில் அரசர்களும் படைத்தலைவர்களும் செர்வாண்டிஸும் முகம் காட்டுகிறார்கள்; சர்வாதிகாரி பிராங்கோவின் முகத்தை 2017இல் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இன்னும் எவர் முகமும் செதுக்கப்படாத வெறும் வட்டங்களும் உண்டு. அவற்றுக்கு இப்போதே எத்தனை பேர் ஆசைப்படுகிறார்களோ!

இவ்வளவையும் எந்த வழிகாட்டியும் ஒப்பித்துவிடுவான். எனக்கோ, அந்தச் சதுக்கத்தில் 1905 முதல் நடந்துவரும் நாவெல்ட்டி காப்பிக் கடையில் நண்பர்களோடு வாதம் புரிந்துகொண்டிருந்த, சலமான்கா சர்வகலாசாலைத் தலைவர் மிகேல் த உனமுனோதான் முக்கியம். அவரைக் காட்டிலும் முக்கியம், 1914இல் வெளியான அவருடைய 'நியெப்ளா' என்ற நாவல். காதலில் ஏமாந்து தற்கொலைக்குத் துணிந்த அதன் கதாநாயகன் ஆகுஸ்தோ பெரெஸ், யோசனை கேட்பதற்காகச் சலமான்காவுக்கு ரயிலேறி வந்து, புத்தகங்கள் சூழ்ந்த அறையில் ஆசிரியரையே நேரில் சந்திக்க, அவரோ, "நீ என் கற்பனை, உன் இஷ்டத்துக்குச் சாக உனக்கு ஏது உரிமை?" என்ற பாவனையில் பேசி, கடைசியில் தாமே அவனைக் கொன்றுவிடப் போவதாகத் தீர்ப்பும் கூறிவிடுகிறார். அதுவரை சாகத் தவித்தவன் அந்தக் கணமே உயிருக்கு மன்றாடுகிறான். பலிக்காமற்போகவே, ஆசிரியரும் சாவார், இக்கதையைப் படிக்கிறவர்களும் சாவார்கள் என்று சாபமிட்டுவிட்டு வீடு திரும்பி, அகோரப் பசியோடு உண்டு, தன் மரணத்தை ஆசிரியருக்குத் தந்தியில் அறிவிக்கச் சொல்லிவிட்டு இறந்துபோகிறான். அப்புறம் அவனுடைய நாய் செய்யும் சரமப் பிரசங்கம் இருக்கிறதே, அதற்காகவே நான் அப்புத்தகத்தை இரவல் கொடுப்பதில்லை.

சாபம் பலித்த விதம் கொடியது. 1931 ஏப்ரலில் இதே சதுக்கத்து நகரசபை மாடத்திலிருந்து குடியரசைப் பிரகடனம் செய்தவர், 1936இல் பிராங்கோ தரப்பை முதலில் ஆதரித்து, அக்டோபர் 12ஆம் தேதி சர்வகலாசாலை மண்டபத்தில் அவர்கள் முகத்துக்கெதிரே கண்டித்து, பதவியிழந்து, வீட்டுச் சிறையிலேயே அவ்வருஷத்தின் கடைசி நாளன்று காலமானார்.

கம்பெனியாரின் புத்தகத்தில் உனமுனோவின் பெயரே இல்லை. சலமான்கா செல்லும் அன்பர்கள் 'நியெப்ளா'வின் ஆங்கில மொழிபெயர்ப்பை விமானத்திலேயே படித்து முடித்து, நகரசபை மாடத்துக்கு எதிரே ஒரு நாற்காலியில் அமர்ந்து, தயவுசெய்து பஸ்ஸைத் தவறவிட்டுவிடுங்கள்.