டிஃபெக்ட் வேறு, டெஃபிஷியன்சி வேறு

வக்கீலின் பணியை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ‘பார் ஆஃப் இந்தியன் லாயர்ஸ்’ தீர்ப்பை நம் வாசகர்கள் நிம்மதியோடு படித்திருப்பார்கள். 2007இல் தேசிய நுகர்வோர் ஆணையம் எடுத்த எதிர்நிலை அதோடு முடிந்தது. இந்த இதழ் தீர்ப்பை ஏற்கிறது. ஆனால் வக்கீல் தொழிலில் தவறே நேராது என்று நீதியரசர்கள் பேலா திரிவேதியும் பங்கஜ் மித்தலும் சொல்லிவிடவில்லை. சிவில் வழக்குக்கும், வக்கீல்கள் சட்டம் 35ஆம் பிரிவுக்கும் வழி திறந்தே இருக்கிறது.

தீர்ப்பில் கவனிக்க வேண்டியது அது நடந்த வரிசை. புகாருக்கு உள்ளான பணி நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(42) சொல்லும் ‘சேவை’தானா என்று முதலில் பார்த்தார்கள். அந்தப் படியைத் தாண்டினால்தான் டெஃபிஷியன்சி என்ற பேச்சே எழும். மாவட்ட ஆணையங்களில் தாக்கலாகும் மனுக்களில் இந்த வரிசையைக் காண்பது அரிது. மிக்ஸி எரிந்தாலும், விமானம் தாமதமானாலும், காப்பீட்டுத் தொகை வராவிட்டாலும் ‘டெஃபிஷியன்சி இன் சர்வீஸ் அண்ட் அன்ஃபேர் டிரேட் பிராக்டிஸ்’ என்ற ஒரே தொடர். பழைய மனுவிலிருந்து புது மனுவுக்கு அது அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சட்டம் இவ்வளவு அலட்சியமாக எழுதப்படவில்லை. 2(10)இல் வரும் டிஃபெக்ட் பொருளைப் பற்றியது: தரம், அளவு, வீரியம், தூய்மை ஆகியவற்றில் உள்ள பிழையோ குறையோ. 2(11)இல் வரும் டெஃபிஷியன்சி சேவையைப் பற்றியது: செய்த விதத்திலும் தன்மையிலும் உள்ள பிழை, குறை, போதாமை. ‘இன்அடிக்வசி’ என்ற சொல் இரண்டாவதில் மட்டுமே உண்டு. கவனக்குறைவும், வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் 2019இல்தான் அதில் சேர்ந்தன.

25 கிலோ என்று அச்சிட்ட அரிசி மூட்டையில் 24 கிலோதான் இருக்கிறது. எடையில் குறைவு என்பதால் ‘டெஃபிஷியன்ட்’ என்று எழுதத் தோன்றும். சட்டப்படி அது டிஃபெக்ட். வாரண்டிக் காலத்தில் மிக்ஸியின் காயில் எரிந்தால் அதுவும் டிஃபெக்ட். சரிசெய்யக் கொடுத்த மிக்ஸியைச் சர்வீஸ் சென்டர் மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தால் அது டெஃபிஷியன்சி. இரண்டுக்கும் எதிர்தரப்பினர் வேறு, சான்றும் வேறு.

புது அடுக்குமாடி வீட்டின் சுவரில் விரிசல் விழுந்தால் சிக்கல் இன்னும் கூடும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14(3) அதை ‘ஸ்ட்ரக்சுரல் டிஃபெக்ட்’ என்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டினால் 30 நாளில் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வீடு கட்டித் தருவது சேவை. அங்கே அதே விரிசல் டெஃபிஷியன்சி. ரெரா மனுவை அப்படியே நகலெடுத்து ஆணையத்தில் போடுவது எதிர்தரப்பு வக்கீலுக்கு முதல் வாதத்தை எடுத்துக் கொடுப்பதாகும்.

பெயர் மாறினால் வழக்கின் போக்கும் மாறும். ஆய்வகச் சோதனைக்கு வழிசெய்யும் 38(2)(இ) பொருளின் டிஃபெக்டுக்கு மட்டுமே உரியது. கலப்பட எண்ணெய் பற்றிய மனுவில் டெஃபிஷியன்சி என்று மட்டும் எழுதினால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருவதே சிரமமாகிவிடும். டெஃபிஷியன்சியை நிரூபிக்கும் பொறுப்போ முறையீட்டாளருடையது. 1999இல் ரவ்னீத் சிங் பாக்கா வழக்கிலும், 2021இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘குறைபாடு’ என்றே எழுதிவிடுகிறோம். பொருளுக்குப் ‘பழுது’, சேவைக்குக் ‘குறைபாடு’ என்று பிரித்து, பிரிவு எண்ணையும் பக்கத்தில் போட்டால் குழப்பம் தீரும்.

பழியை மனு எழுதும் ஜூனியர்கள் மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. மனுவை அனுமதிக்கும் கட்டத்திலேயே ஆணையம் இதைச் சுட்டலாம். 36ஆம் பிரிவின் கீழ் நடக்கும் விசாரணையில் அதற்கு இடம் உண்டு. ஆனால் சுட்டிக்காட்ட ஆள் வேண்டுமே! தலைவர், உறுப்பினர் பணியிடங்களை அரசுகள் நிரப்பாததால் 2021இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க நேர்ந்தது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று 38(7) சொல்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி நிற்கும் கட்சிக்காரரிடம் அந்தப் பிரிவைப் படித்துக்காட்ட எந்த வக்கீலுக்கும் மனம் வராது. தனியார் நிறுவனத்தின் ஒவ்வொரு தாமதத்தையும் டெஃபிஷியன்சி என்று எழுதும் அமைப்பை ஆளில்லாமல் விட்டுவைத்த அரசுகளை எந்தப் பிரிவும் தொடுவதில்லை.

காலியிடம் விழுவதற்கு முன்பே அரசுகள் நியமனத்தை முடிக்கட்டும். மனுவை அனுமதிக்கும் விசாரணையில் பழுதா, குறைபாடா, நேர்மையற்ற வணிக நடைமுறையா என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லி மாநில ஆணையம் ஒரு சுற்றறிக்கை விடட்டும். தவறான பெயரோடு வரும் மனுக்களைத் தள்ளிவிடாமல், திருத்திக் கொண்டுவர ஒரு வாய்தா கொடுக்கட்டும்.