உளி வாங்கும் முன் மேசையைச் செய்யுங்கள்: மர வேலையில் நாம் மறக்கும் முதல் கருவி

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று யூனிட்கள் இருக்கின்றன. அவற்றின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்பவை. அப்படி ஒரு இயந்திரத்தை முதலில் இறக்கி வைத்துவிட்டு, ‘அடித்தளத்தை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மர வேலை என்று வந்தால் நாம் அதைத்தான் செய்கிறோம்.

வீடியோ பார்த்து ஆர்வம் வந்ததும் ஆன்லைனில் உளி செட், இழைப்புளி, ஜப்பான் ரம்பம் எல்லாம் ஆர்டர் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை டைனிங் டேபிள் மேல் பலகையை வைத்து இழைத்தால், பலகையை விட டேபிள்தான் அதிகம் நகர்கிறது. ‘நமக்கெல்லாம் இது செட்டாகாது’ என்று பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டுவிடுகிறோம். என் கருத்து எளிமையானது: கோளாறு கையில் இல்லை, கருவியிலும் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறது. பட்டறை மேசை என்பது ஃபர்னிச்சர் அல்ல, அதுதான் முதல் கருவி.

மேசை அப்படி என்ன செய்கிறது?

இழைப்புளி தள்ளும்போது உங்கள் விசை கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, பெரும்பகுதி பக்கவாட்டில் போகிறது. சாப்பாட்டு மேசை தட்டையும் தம்ளரையும் தாங்கச் செய்தது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கத்திலிருந்து தள்ளினால் ஆடும். அந்த ஆட்டத்தில் உங்கள் பலம் வீணாகிறது, பிளேடு துள்ளுகிறது, மரம் பிசிறடிக்கிறது.

இதைவிட முக்கியம் விரல்கள். மரத்தைப் பிடித்துக்கொள்ள மேசை இல்லையென்றால் இடது கை பிடிக்கும். வலது கையில் உளி. உளி வழுக்கினால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. மேசை மரத்தைப் பிடித்தால் இரண்டு கையும் உளியின் பின்னால் இருக்கும். பாதுகாப்பு என்பது அவ்ளோதான்.

நம்ம ஊர் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்துதானே செய்கிறார்கள்?

நியாயமான கேள்வி. குத்துக்காலிட்டு, பாதத்தால் கட்டையை அழுத்திப் பிடித்து, இரண்டு கையாலும் வேலை செய்யும் அந்தத் திறமை சாதாரணமானது அல்ல. அங்கே காலே வைஸ், தரையே மேசை. பெரிய பொருளுக்கு அதுவும் வேண்டாம். காசிமேட்டில் கரையேற்றி வைத்த மரப்படகைப் பாருங்கள். அதன் எடையே அதை அசையாமல் நிறுத்துகிறது. படகே அதற்கு மேசை.

ஜப்பானியத் தச்சர்கள் இழைப்புளியைத் தள்ளுவதில்லை, தங்களை நோக்கி இழுக்கிறார்கள். அதற்கும் அடியில் கனமான ஒரு கட்டை வேண்டும். பண்டைய ரோமில் முழங்கால் உயர பெஞ்ச் இருந்தது. வேலை செய்பவர் அதன் மேலேயே உட்கார்ந்து கொள்வார். ஆக, உயரம் ஊருக்கு ஊர் மாறும். அசையாமை மட்டும் மாறாது.

ஆனால் குத்துக்காலிட்ட வேலைக்கு ஒரு விலை இருக்கிறது. அதை முழங்காலும் முதுகும்தான் கட்டுகின்றன. முப்பது வருடம் அப்படி உழைத்தவரிடம் ‘இது நம்ம பாரம்பரியம்’ என்று பெருமை பேசுவது, ஏசி அறையில் நாற்காலியில் உட்காரும் நமக்குச் சுலபம்.

மரம் எங்கே கிடைக்கும்?

இதில் வடசென்னைக்கு ஒரு வசதி உண்டு. சென்னை துறைமுகம், 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், பக்கத்தில் காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள். சரக்கோடு சேர்ந்து பேலட்டும் பேக்கிங் மரமும் வந்திறங்குகின்றன. பெரும்பாலும் பைன். கனரக இயந்திரங்கள் வரும் பெட்டிகளின் அடிக்கட்டைகள் மேசைக் காலுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். பழைய மரக்கடையில் விலை பேசி, பில்லோடு வாங்குங்கள்.

வாங்கும் முன் முத்திரையைப் பாருங்கள். ஒரு நாட்டு மரப்பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமல் தடுக்க ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. அதன்படி மரத்தில் முத்திரை குத்துவார்கள். ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு. அதை விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறை, ரசாயன வாடை உள்ளதும் வேண்டாம். ஆணியை எல்லாம் பிடுங்கிய பிறகே இழைப்புளி வையுங்கள்.

நம்ம ஊர் மரம்தான் வேண்டும் என்றால் வேம்பு, வாகை இரண்டும் நல்ல கனம். தேக்கு தேவையே இல்லை. எந்த மரமானாலும் கடற்காற்று ஈரத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் வீட்டில் அடுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எப்படிச் செய்வது?

மேல்பலகை 5 அடி நீளம், 20 அங்குல அகலம், 3 அங்குல கனம் போதும். பலகைகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, ஒன்றோடொன்று பசை போட்டு இறுக்கினால் இந்தக் கனம் கிடைத்துவிடும். பைனிலேயே இது சுமார் 30 கிலோ வரும். கால்களும் சட்டங்களும் சேர்ந்தால் 50 கிலோ. இந்த எடை சுமை அல்ல, உங்களுக்கு உதவியாள்.

உயரத்துக்கு டேப் வேண்டாம். நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மடக்கிய உள்ளங்கை தொடும் உயரம் இழைப்புக்குச் சரி. காலின் முகப்பு மேல்பலகையின் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கட்டும். நீளமான பலகையை அதில் சாய்த்துப் பிடித்து ஓரம் இழைக்கலாம். காலையும் சட்டத்தையும் ஆணியால் சேர்க்காதீர்கள். ஒன்றில் துளை, மற்றதில் அதற்குள் இறுக்கமாக நுழையும் நாக்கு என்று செய்யுங்கள். வாடகை வீடு என்றால் நீளவாட்டுச் சட்டங்களுக்கு மட்டும் பெரிய போல்ட். வீடு மாறும்போது கழற்றிக் கொண்டு போகலாம்.

விலை உயர்ந்த வைஸ் முதல் நாளே வேண்டாம். மேல்பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் சில, ஒரு மரமுளை, கொல்லுப்பட்டறையில் வளைத்து வாங்கிய இரண்டு இரும்புக் கொக்கிகள். கொக்கியைத் துளையில் விட்டுக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் மரம் அசையாது.

இதில் அரசுக்கு என்ன வேலை?

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில், தச்சு உட்பட 18 தொழில்களுக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை தருகிறார்கள். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை சாதியோடு தொழிலைக் கட்டிப்போடும் என்று தமிழ்நாடு அரசு மறுத்தது. 25 தொழில்களுக்கு, சாதி வேறுபாடின்றி, கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. இதில் 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய்.

தாத்தா உளி பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போனது நல்லது. ஆனால் பரம்பரைத் தச்சருக்குப் பட்டறை வீட்டிலேயே இருந்தது. சொல்லிக்கொடுக்க அப்பா இருந்தார். அத்திப்பட்டிலோ திருவொற்றியூரிலோ ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் முதல் தலைமுறைப் பையனுக்கோ பெண்ணுக்கோ அந்த இடம் எங்கே? கதவைத் திறந்துவிட்டோம், உள்ளே நிற்க இடம் தரவில்லை.

இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, மர வேலைக்குப் பயிற்சி தரும்போது முதல் பாடமாக அவரவர் மேசையை அவரவரே செய்யட்டும். அறுக்க, இழைக்க, துளையிட, இணைக்க எல்லாம் அதிலேயே வந்துவிடும், முடிவில் வீட்டுக்கு ஒரு மேசையும் போகும். இரண்டு, மர வேலைப் பிரிவு உள்ள அரசு ஐடிஐகளின் பட்டறையை ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு கட்டணத்துக்குத் திறந்துவிடட்டும். மேசைகள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் பூட்டிக் கிடப்பதற்குப் பதில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அதுவரை, உங்கள் ஆன்லைன் கார்ட்டில் இருக்கும் நான்காவது உளியை எடுத்துவிடுங்கள். அந்தக் காசுக்குப் பழைய மரக்கடையில் இரண்டு நல்ல கட்டை கிடைக்கும்.