பெங்களூர் – சேலம்: ஒரு நாளைச் சித்தேரிக்குக் கொடுங்கள்



பொங்கலுக்கு மகன் குடும்பம் பெங்களூரிலிருந்து சேலம் வந்தது. "வழியில என்னடா பாத்தே?" என்று பேரனைக் கேட்டேன். "டோல்கேட் தாத்தா" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

அடுத்த முறை வாடகைக் காரை முழு நாளுக்குப் பேசுங்கள். தருமபுரியில் நாற்கரச் சாலையை விட்டு அரூர் போய், அங்கிருந்து சித்தேரி மலை ஏறுங்கள். இறங்கி மஞ்சவாடி கணவாய் வழியாக இருட்டுவதற்குள் சேலம் வந்துவிடலாம்.

மலையில் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். எது சாமைக் காடு, எது தினைக் காடு என்று அவர்தான் காட்ட முடியும். வண்டியிலிருந்தே போட்டோ எடுத்துத் திரும்பினால் மலையாளி மக்களுக்குப் புழுதிதான் மிச்சம்.

அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல. சந்தனக் கட்டை சோதனை என்ற பெயரில் 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்களே அந்த மக்களுக்குக் கொடுமை செய்தார்கள். 2011இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எளிய மக்கள் விடாமல் போராடி வென்ற கதை இது. விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லுங்கள்.

"நேரமில்லை சார்" என்பீர்கள். பிள்ளைகள் உங்களோடு வண்டியில் வரும் வருஷங்கள் கொஞ்சம்தான், கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்