சண்டையில் ‘ஜாம்’ ஆகும் துப்பாக்கி: குற்றம் சிப்பாய் மீதா?

திருச்சி: எதிரே எதிரி. கையில் புது ரைபிள். விசையை இழுத்தால் ‘டுமீல்’ என்று வெடிக்க வேண்டிய துப்பாக்கி ‘கிளிக்’ என்று மட்டும் சத்தம் போட்டால்? அந்த சிப்பாயின் கதி என்ன? அவன் வீட்டில் காத்திருக்கும் பெண்டாட்டி, பிள்ளைகளின் கதி என்ன?

இது சினிமா காட்சி இல்லை. நம் நாட்டு ராணுவம் பட்ட அனுபவம். இப்போது இன்சாஸ் துப்பாக்கிகளை ஓரங்கட்டிவிட்டு, ஏ.கே.-203, சிக் 716 என்று புது ரைபிள்கள் வீரர்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புதுசு வந்துவிட்டால் ஜாம் பிரச்சினை தீர்ந்துவிடுமா? பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தால், அவ்வளவு சுலபமாகத் தீராது என்றுதான் தெரிகிறது.

திருச்சிக்கு என்ன சம்பந்தம்?

இன்சாஸ் ரைபிளை வடிவமைத்தது புனேயில். தயாரித்தது மேற்கு வங்காளம் இச்சாபூர், உத்தரபிரதேசம் கான்பூர், அப்புறம் நம்ம திருச்சி துப்பாக்கி தொழிற்சாலை. 1966-ல் தொடங்கிய இந்த தொழிற்சாலையை நம்பி திருவெறும்பூர், நவல்பட்டு பக்கம் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. 2021-ம் ஆண்டு அக்டோபரில் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தபோது, திருச்சி தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் போனது. ஆகவே துப்பாக்கி ஜாம் ஆனது என்று எங்கே செய்தி வந்தாலும், இங்கே டீக்கடையில் அது பேச்சாகிவிடும்.

கார்கிலில் நடந்தது

5.56 மி.மீ. ரகமான இன்சாஸ், 1990-களின் கடைசியில் படைக்கு வந்தது. ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா, அல்லது மூன்று தோட்டா. 20 தோட்டா பிடிக்கும் பிளாஸ்டிக் மேகசின். கைக்கு வந்து பழகுவதற்குள் 1999-ல் கார்கில் போர் வெடித்தது. மலை உச்சியின் கடும் குளிரில் மேகசின் விரிசல் விட்டது, துப்பாக்கி ஜாம் ஆனது, சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறித்தது என்று புகார்கள் கிளம்பின.

2005 ஆகஸ்டில் நேபாளத்தில் மாவோயிஸ்டுகளுடன் நடந்த சண்டையில் அந்நாட்டு வீரர்கள் 43 பேர் பலியானார்கள். இந்தியா கொடுத்த இன்சாஸ் சண்டை நடுவே மக்கர் செய்தது என்று நேபாள ராணுவம் பகிரங்கமாகச் சொன்னது. எங்கள் ராணுவமே அதைத்தானே பயன்படுத்துகிறது என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. 2014-ல் நம்ம சி.ஆர்.பி.எப். படையும், இன்சாஸ் அதிகம் ஜாம் ஆகிறது, வேறு துப்பாக்கி கொடுங்கள் என்று கேட்டது. புகார் பக்கத்து நாட்டோடு நிற்கவில்லை, சொந்த வீட்டிலும் எழுந்தது.

ஜாம் என்றால் என்ன?

தையல் மெஷினில் நூல் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கி ஜாமும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஒரு தோட்டா வெடித்ததும், அதில் கிளம்பும் புகையின் வேகம்தான் அடுத்த வேலையைச் செய்கிறது. அந்த வேகத்தில் போல்ட் பின்னால் போகும். போகும்போது வெடித்த வெற்று கூட்டை இழுத்து வெளியே எறியும். திரும்பி வரும்போது மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி உள்ளே ஏற்றும். கண் இமைப்பதற்குள் இத்தனையும் முடிந்தாக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் இடறினாலும் போச்சு.

மேகசின் சரியாக மாட்டாமல் இருந்தாலோ, அதன் வாய் நெளிந்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ தோட்டா மேலே ஏறாது. அழுக்கு படிந்திருந்தால் வெற்று கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியே போகும் கூடு பாதி வழியில் மாட்டி நட்டுக்கொண்டு நிற்கும். சில நேரம் இரண்டு தோட்டா ஒரே சமயத்தில் உள்ளே நுழையப் பார்த்து நெருக்கிக்கொள்ளும்.

புதுத் துப்பாக்கிக்கு இன்னொரு தொல்லை. துருப் பிடிக்காமல் இருக்க தொழிற்சாலையிலேயே கெட்டியான எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதைத் துடைத்து எடுக்காமல் சுட்டால் புகைக் கரி அதோடு சேர்ந்து பிசினாகிவிடும். எண்ணெய் குறைந்தால் உரசும். கூடினால் தூசியை இழுக்கும். கடும் குளிரில் அந்த எண்ணெயே உறைந்து போல்ட்டின் வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் ராஜஸ்தான் பாலைவனத்துக்கு ஒரு பராமரிப்பு, லடாக் பனிக்கு வேறு பராமரிப்பு.

ஜாம் ஆனால் என்ன செய்வார்கள்?

முதல் பாடம், பதறக்கூடாது. விரலை விசையில் இருந்து எடுத்துவிட வேண்டும். குழல் முனை இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். மேகசின் அடியில் ஓங்கி ஒரு தட்டு. போல்ட் கைப்பிடியை முழுசாகப் பின்னால் இழுத்து சட்டென்று விட வேண்டும். மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். பாதி ஜாம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? மேகசினைக் கழற்றி, போல்ட்டை இரண்டு மூன்று தடவை இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்து, வேறு மேகசின் மாட்ட வேண்டும். பயிற்சி மைதானத்தில் என்றால் அவசரமே கூடாது. வெடிக்காத தோட்டா சில நொடி கழித்தும் வெடிக்கலாம். குழலை இலக்கின் பக்கம் வைத்தபடியே அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். வழக்கத்தை விட சத்தம் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும்.

இதெல்லாம் சிப்பாய் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாவிட்டால் அவன் தவறுதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அமெரிக்காவே பட்ட பாடு

வியட்நாம் போரில் 1965, 66-ம் ஆண்டுகளில் அமெரிக்க வீரர்களுக்கு எம்.16 என்ற புது ரைபிள் கொடுத்தார்கள். எடை குறைவு, எதிர்காலத் துப்பாக்கி என்று ஏகப்பட்ட பெருமை. ஆனால் காட்டுக்குள் போனதும் வெற்று கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. குழலின் முன்பக்கம் வழியாக கம்பியை விட்டு இடித்துத் தள்ள வேண்டிய நிலை. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது கம்பியைத் தேடினால் என்ன ஆகும்? பல உயிர்கள் போயின.

‘பசங்க ஒழுங்காகச் சுத்தம் செய்யவில்லை’ என்று முதலில் வீரர்கள் மீதே பழி விழுந்தது. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. சோதனையின்போது இருந்த வெடிமருந்து வேறு, போருக்குக் கொடுத்தது வேறு. புது மருந்தால் போல்ட்டின் வேகம் கூடியது, கரியும் கூடியது. ஈரமான காட்டில் துருப் பிடிக்காமல் தடுக்க தோட்டா அறைக்கு குரோமியம் பூசவில்லை. சுத்தம் செய்யும் சாமான்கள் போதுமான அளவு கொடுக்கவில்லை. இதைச் சுத்தமே செய்ய வேண்டாம் என்ற பேச்சு வேறு பரவியிருந்தது. மேலதிகாரிகளின் அலட்சியத்தை அந்தக் குழு கடுமையாகச் சாடியது.

பிறகு குரோமியம் பூசினார்கள். உள் பாகங்களைத் திருத்தினார்கள். சுத்தம் செய்யும் சாமான்களை அனுப்பினார்கள். எப்படிப் பராமரிப்பது என்று படக்கதை புத்தகமே போட்டு வீரர்களின் கையில் கொடுத்தார்கள். மேலே இருந்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்ததும் ஜாம் குறைந்தது. அந்தத் துப்பாக்கியின் வாரிசுகள் இன்றைக்கும் அமெரிக்கப் படையில் இருக்கின்றன.

இப்போது வரும் புதுசு

2019-ல் அமெரிக்க கம்பெனியிடம் 72,400 சிக் 716 ரைபிள்கள், 2024-ல் மேலும் 73,000 வாங்க ஒப்பந்தம். ரஷ்யக் கூட்டுடன் உத்தரபிரதேசம் அமேதி மாவட்டம் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் மேல் ஏ.கே.-203 தயாரிக்க 2021-ல் ஒப்பந்தம். ஏ.கே. ரகத்தில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி தாராளம் என்பதால் மண், தூசியைத் தாங்கும். ஆனால் கவனிக்காமல் விட்டால் அதுவும் மக்கர் செய்யும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ.கே.-203, சிக் 716 இரண்டுக்கும் 7.62 என்றே பெயர். ஆனால் தோட்டா வேறு வேறு. ஒன்றின் கூடு 39 மி.மீ. நீளம், மற்றதன் கூடு 51 மி.மீ. நீளம். இன்சாஸ் தோட்டாவோ மூன்றாவது ரகம். ஆக, எந்த முகாமுக்கு எந்தத் தோட்டா, எந்த மேகசின், எந்த உதிரி பாகம் என்று கணக்கு தப்பாமல் அனுப்ப வேண்டும். தரமான தோட்டா தொடர்ந்து கிடைக்க வேண்டும். இது எதுவும் எல்லையில் நிற்கும் ஜவானின் கையில் இல்லை. தொழிற்சாலை, பரிசோதனைப் பிரிவு, கிடங்கு, டெல்லி அலுவலகம் என்று பல கைகளில் இருக்கிறது.

யார் பதில் சொல்வது?

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் பிள்ளை கையில் கொடுக்கும் துப்பாக்கி, அவன் இழுக்கும்போது வெடித்தாக வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு ஜாமும் எழுத்தில் பதிவாக வேண்டும். எந்தத் துப்பாக்கி, எந்த மேகசின், எந்த வரிசைத் தோட்டா, என்ன தட்பவெப்பம் என்று குறித்து வைத்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். புகார் சொன்ன வீரன் மீது முதலில் பாயாமல், அவன் சொன்னதை தொழிற்சாலை வரைக்கும் கொண்டு போக வேண்டும். லேத்தில் நிற்கும் தொழிலாளிக்கும் அந்தக் குறை தெரிய வேண்டும். தெரிந்தால்தானே திருத்துவான்?

சுத்தம் செய்யாத சிப்பாயைக் கண்டிக்கலாம், தப்பில்லை. ஆனால் துடைக்கத் துணியும் கம்பியும் கொடுத்தார்களா, நல்ல தோட்டா கொடுத்தார்களா, போதுமான பயிற்சி கொடுத்தார்களா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கண்டிக்கட்டும். அந்தக் கேள்விக்கு மேலே இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.