உச்சிக்குடும்பன் வெறும் கோமாளியா?

மாணவர்களே! மாய ஆற்றலால் மோதும் ஜப்பானிய அனிமே தொடர்களில், வலிமையின்றி வாய்ச்சாலத்தாலும் தந்திரத்தாலும் தப்பிக்கும் துணைப்பாத்திரத்தைக் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். அத்தகையோர் தமிழுக்குப் புதியவர் அல்லர். ஆட்டுத்தோல் பாவைகளைத் திரைக்குப் பின் ஆட்டி இராமாயணம் நிகழ்த்தும் தோற்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருகின்றனர். வால்மீகியும் கம்பரும் இவர்களைப் பாடவில்லை. கூத்துக் கலைஞர்களே படைத்தனர்.

இவர்களை வெறும் சிரிப்புக்குரிய இடைச்செருகல் என ஒதுக்குவது தவறு என்பதே என் கருத்து. இராம இராவணப் போருக்கும் தரையில் அமர்ந்து காணும் ஊராருக்கும் நடுவே நிற்பவர்கள் இவர்களே. இராமன் செந்தமிழில் பேசுவான். உச்சிக்குடும்பனோ ஊர்ப்பேச்சில் தன் பசியைச் சொல்வான், பொய்யுரைப்பான், பெரியோரையும் கேலி செய்வான். மற்றவர் கேட்கத் துணியாத கேள்வி அவன் வாயிலிருந்தே பிறக்கும். (அடி வாங்குபவனும் பெரும்பாலும் அவனே!)

கன்னட நாட்டின் தொகலு கொம்பெயாட்டத்திலும், கரிய உடலும் தொந்தியுமாய்க் கிள்ளேக்யாத்தன் இதே பணியைச் செய்கிறான். மைசூரில் வளரும் உங்களுக்கு இருவர் பேச்சும் விளங்கும். பணி நிமித்தம் இங்கு வந்த எனக்கோ, கிள்ளேக்யாத்தனின் கேலி பாதியே புரிகிறது.