தாரிக்கும் துடிவிண்மீனும்

அண்மைக் காலமாக மீலாது மேடைகளிலும் விழா மலர்களிலும் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுகின்றது. திருக்குர்ஆனின் 86ஆம் அத்தியாயமாகிய அத்தாரிக், துடிவிண்மீனையே சுட்டுகின்றது என்பது அக்கூற்று. தாரிக் என்னும் அரபுச் சொல்லுக்கு இரவில் வருபவன், கதவைத் தட்டுபவன் என்று பொருளுண்டு. துடிவிண்மீன் தட்டுவதுபோல் ஒலிக்கின்றது. ஆகவே அறிவியல் இன்று கண்டதை மறை அன்றே மொழிந்துவிட்டது என முடிக்கின்றனர். கேட்போர் உள்ளம் குளிர்கின்றது. எனக்கோ கவலையே மிஞ்சுகின்றது. தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை எனலாம். சொல்லுக்குப் பொருள் காண்பதுதானே எம் வேலை!

துடிவிண்மீன் ஒலிப்பதில்லை. பெருவிண்மீன் வெடித்தபின் எஞ்சும் கரு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் கதிரவனினும் மிகுந்த நிறையை அடக்கிச் சுழல்கின்றது. அதன் வானொலிக் கதிர், கலங்கரை விளக்கின் ஒளிபோல் நம்மைத் தொட்டுத் தொட்டுச் செல்கின்றது. அதனை ஒலியாக மாற்றிக் கேட்பவர் நாமே. அத்தாரிக் கூறும் விண்மீனை முற்கால விரிவுரையாளருள் சிலர் கார்த்திகைக் கூட்டம் என்றனர். சிலர் சனி என்றனர். இன்று நாம் துடிவிண்மீன் என்கின்றோம். நாளை வேறொன்று கண்டறியப்படின், மறையின் பொருளையும் மாற்றுவோமா?

1967இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவி ஜோசலின் பெல், தாமும் உடனுழைத்துக் கட்டிய வானொலித் தொலைநோக்கி நாள்தோறும் வரைந்து தள்ளிய ஏறத்தாழ 30 மீட்டர் தாளைத் தம் கண்ணாலேயே ஆராய்ந்தார். அதில் அரை அங்குலமும் தேறாத ஒரு கிறுக்கல். குறுக்கீடு என்று தள்ளியிருக்கலாம், தள்ளவில்லை. 1.337 நொடிக்கு ஒருமுறை வழுவாது வரும் துடிப்பாக அது வெளிப்பட்டது. 1974இன் நோபல் பரிசு அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் சென்றது, மாணவிக்கு இல்லை. 2018இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, வாய்ப்புக் குன்றிய மாணவர் இயற்பியல் ஆய்வு செய்ய அவர் அளித்துவிட்டார். அத்தாளைப் புரட்டாத நாம் அதன்மேல் உரிமை கொண்டாடுவது முறையோ?

உரிமை கொண்டாட வேறொன்று உண்டு. 1054இல் வானில் புதிதாய் ஒளிர்ந்த விண்மீனைச் சீனர் குறித்து வைத்தனர். பக்தாதின் கிறித்தவ மருத்துவர் இப்னு புத்லான் எழுதிய குறிப்பும் அதனைப் பற்றியதே என ஆய்வாளர் கருதுகின்றனர். அதனைத் தம் மருத்துவர் வரலாற்றில் காத்துத் தந்தவர் இப்னு அபீ உஸைபிஆ. அவ்வெடிப்பின் எச்சமாகிய நண்டு நெபுலாவின் நடுவே, நொடிக்கு 30 முறை சுழலும் துடிவிண்மீன் 1968இல் கண்டறியப்பட்டது. பார்த்ததைப் பார்த்தவாறு எழுதுதல், பிற சமயத்தார் எழுதியதையும் பேணுதல் ஆகிய இரண்டும் அன்று நம்மிடம் இருந்தன.

உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்தில் கிடக்கும் வானொலித் தொலைநோக்கி 1970 முதல் துடிவிண்மீன்களையும் நோக்கி வருகின்றது. நம் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளோ தாவரவியல் பூங்காவையும் படகுத் துறையையும் கண்டு, தேயிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றன.